மாத்திரையை நிறுத்தியதற்கு ஆமென் சொன்ன பாஸ்டருக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான பாஸ்டருக்கு,

ஸ்தோத்திரம். சிறுவயதில் ஓய்வுநாள் பாடசாலையில் உங்களுக்கு வசனம் மனப்பாடம் செய்வித்தவள் என்ற உரிமையிலும், குழந்தைகள் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் என்ற கடமையிலும் இதை எழுதுகிறேன்.

போன மாதம் உங்கள் சபையில் ஒரு தாய் சாட்சி சொன்னாள். ஆறு வயது மகளுக்கு ரத்தப் புற்றுநோய். கடுமையான கீமோ கட்டங்கள் முடிந்து, ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக வந்துவிட்டது. நீங்கள் தலையில் கைவைத்து ஜெபித்த நாளிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டதாகச் சொன்னாள். சபை கைதட்டியது. நீங்கள் ஆமென் என்றீர்கள். அன்று கூட்டம் முடிந்ததும் உங்களிடம் பேச வந்தேன். வியாதியில் கர்த்தரை விட்டு வைத்தியர்களைத் தேடிய ஆசா ராஜாவின் வசனத்தைக் காட்டினீர்கள். ஆட்கள் காத்திருந்ததால் பேச்சு பாதியில் நின்றுபோனது. வடசென்னையில் இன்னும் பல சபைகளில் இதே சாட்சியைக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அந்தத் தாயின் வீட்டுக்கு மறுநாள் போனேன். மாத்திரைகள் டிவிக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. டாக்டர் சீட்டில் திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு மாத்திரை, சனி ஞாயிறு அரை மாத்திரை என்று எழுதியிருந்தது. அரை மாத்திரைகளை பிளேடால் கச்சிதமாக வெட்டி, காகிதத்தில் மடித்து வைத்திருந்தாள். சுவரில் நம் சபைக் காலண்டர். மாத்திரை கொடுத்த ஒவ்வொரு நாளிலும் பேனாவால் ஒரு டிக். நீங்கள் கைவைத்து ஜெபித்த நாளுக்குப் பிறகு டிக் எதுவும் இல்லை. இவ்வளவு கவனமான ஒரு தாய், தன் மகள்மீது அக்கறை இல்லாமல் நிறுத்தவில்லை. உங்கள் ஜெபத்தை நம்பி நிறுத்தினாள்.

பாஸ்டர், ரத்தப் பரிசோதனை சரியாக வருவது இந்த நோயில் முதல் படி மட்டுமே. நாற்றை மறைக்கும் கோரையைப் பிடுங்கினால் மேலே தரை சுத்தமாகத் தெரியும், கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். அதுபோல், நுண்ணோக்கியில் ஒன்றுமே தெரியாத நிலையிலும் கோடிக்கணக்கான புற்றுநோய் அணுக்கள் உடலில் மிச்சம் இருக்கலாம். அவற்றை ஒழிக்கத்தான் தினமும் மெர்காப்டோப்யூரின், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் என்று மருந்துகள் தொடர்ந்து, மொத்த சிகிச்சையும் இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீள்கிறது. நடுவில் விட்டால் நோய் திரும்பும் ஆபத்து கூடுகிறது. திரும்பி வந்த நோயைக் குணப்படுத்துவது முதல்முறையைவிட மிகவும் கடினம்.

இந்த மருந்துகள் வந்த கதையையும் உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். 1948 வரை இந்த நோய் வந்த குழந்தைகளில் ஏறக்குறைய யாருமே பிழைத்ததில்லை. மெத்தோட்ரெக்சேட்டுக்கு முன்னோடியான அமினாப்டெரினை உருவாக்கிய அமெரிக்க ஆய்வுக்குழுவுக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் அந்த மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்தபோதுதான் முதல்முறையாக நோய் கொஞ்ச காலமாவது பின்வாங்கியது. இன்று வசதியுள்ள நாடுகளில் நூற்றுக்கு 85 பிள்ளைகளுக்கு மேல் பிழைக்கிறார்கள். 1948-க்கு முன் விசுவாசமுள்ள தாய்மார்கள் இல்லாமலா போனார்கள்? உபவாசமும் முழு இரவு ஜெபமும் இல்லாமலா போயின? அவர்களுடைய விசுவாசம் நம்முடையதைவிடக் குறைந்தது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர்கள் கண்ணீரோடு கேட்டதற்குக் கர்த்தர் அனுப்பிய பதில்களில் ஒன்று அந்த பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது என்றே நம்புகிறேன்.

இப்போது ஆசா ராஜா. "அவன் தன் வியாதியிலும் கர்த்தரை அல்ல, பரிகாரிகளையே தேடினான்" என்கிறது வசனம். அவன் கர்த்தரைத் தேடாமல் போனதே அங்கே குற்றம். இந்தத் தாயோ இரண்டு வருடமாக ஒரு இரவும் விடாமல் கர்த்தரைத் தேடுகிறவள். இன்னொன்றும் இருக்கிறது. ஆசா வயதுவந்த ராஜா. நோய் கண்டது அவனுடைய கால்களில். என்ன செய்வது என்று அவனே முடிவெடுத்தான். இந்தப் பிள்ளையிடம் யார் கேட்டார்கள்?

எசேக்கியா ராஜாவையும் பாருங்கள். பதினைந்து வருடம் ஆயுசைக் கூட்டுவேன் என்று கர்த்தரே வாக்குக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லி, பிளவையின்மேல் பற்றுப்போட வைத்தார். யவீருவின் மகளை உயிரோடு எழுப்பிய ஆண்டவர், அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். வடசென்னையில் வளர்ந்த நமக்கு ரெய்னி மருத்துவமனை தெரியாதா? ஸ்காட்லாந்திலிருந்து வந்த மிஷனரிப் பெண்கள் ஜெபித்த கையோடுதான் அங்கே பிரசவமும் பார்த்தார்கள்.

நான் அற்புதங்களை நம்புகிறவள். டாக்டர்கள் கைவிட்ட பிள்ளை எழுந்து நடந்ததை வார்டில் பார்த்திருக்கிறேன். ஏன் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் கர்த்தர் இந்தச் சிறுமியை முழுவதுமாகச் சுகமாக்கியிருந்தால், மாத்திரை அந்தச் சுகத்தை அழித்துவிடப் போவதில்லை. சுகம் இன்னும் முழுமையாகவில்லை என்றால், மாத்திரை இல்லாமல் போகும் ஒவ்வொரு இரவும் அவளுடைய உயிரிலிருந்து கழிகிறது. 2008-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி, இன்சுலின் கொடுத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவள், பெற்றோர் சுற்றி நின்று ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனாள். அவர்கள் கொடியவர்கள் அல்ல. மகளை நேசித்தவர்கள். அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

அதே நாட்டில் 1944-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சொன்னது: பெற்றோர் தாங்கள் விசுவாசத்துக்காக உயிர்விடும் இரத்தசாட்சிகளாக விரும்பினால் ஆகலாம், பிள்ளைகளை இரத்தசாட்சிகளாக்க அவர்களுக்கு உரிமையில்லை. அது தெருவில் மதப் பத்திரிகை விற்ற சிறுமியைப் பற்றிய வழக்கு, மருத்துவ வழக்கு அல்ல. ஆனாலும் இந்த விஷயத்தில் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நம் நாட்டிலும் பிள்ளையை வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவது சிறார் நீதிச் சட்டப்படி குற்றம். ஆனால் உங்களைச் சட்டத்துக்குப் பயப்படுத்த நான் எழுதவில்லை. "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்ற வசனத்தை உங்களுக்கு மனப்பாடம் செய்வித்ததே நான்தான்.

அந்த வீட்டில் இன்னொன்றும் தெரிந்தது. சிகிச்சைச் செலவை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் மருத்துவமனைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் அவளுடைய கணவருக்குத் துறைமுகத்தில் ஒரு நாள் கூலி போய்விடுகிறது. கூட்டமான பஸ்ஸில் கிருமி தொற்றிவிடும் என்று பயந்து ஆட்டோவில் போகிறார்கள். வாடகை இரண்டு மாதம் பாக்கி. மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்ற களைப்பு அவளுக்குள் முன்பே இருந்தது. சபை அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்தது. அந்த ஆட்டோச் செலவைக் காணிக்கையிலிருந்து கொடுத்திருக்கலாமே, பாஸ்டர்.

மருத்துவமனைகள்மீதும் எனக்குக் கோபம் உண்டு. "கவுண்ட் நார்மல், அடுத்த மாதம் வாங்க" என்று நடைபாதையில் நின்றபடி ஒரு டாக்டர் சொல்லிவிட்டுப் போனால், ஒரு தாய் அதை எப்படிப் புரிந்துகொள்வாள்? நீங்களோ பாயில் அவள் எதிரே ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டீர்கள். அதனால்தான் உங்கள் வார்த்தைக்கு டாக்டரின் வார்த்தையைவிடக் கனம் அதிகம்.

இதற்கு நேர் எதிரான இடத்திலும் அந்தக் கனம் ஒரு குடும்பத்தை அழுத்துகிறது. உங்கள் சபையில் மூளைத்தண்டில் கட்டியோடு இருக்கும் பையனை நீங்கள் அறிவீர்கள். கதிரியக்கச் சிகிச்சை தந்த மாதங்கள் முடிந்துவிட்டன. இனி மூச்சுக்குழாய் போட்டு மிஷினில் வைப்பது அவனுக்கு வேதனையை மட்டுமே கூட்டும், வீட்டில் வைத்து மார்ஃபின் கொடுத்து வலியில்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். மூப்பர்களோ, அதற்குச் சம்மதிப்பது அவிசுவாசம் என்று அவனுடைய அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த மனிதர் என்னிடம் கேட்டார்: "அக்கா, நான் கையெழுத்துப் போட்டால் என் பிள்ளையைக் கொன்ற பாவம் வருமா?"

வராது என்றேன். 1957-ல் போப் பன்னிரண்டாம் பயஸ், அசாதாரணமான சிகிச்சை முறைகளைத் தொடர்ந்தே ஆகவேண்டும் என்ற கடமை கிறிஸ்தவனுக்கு இல்லை என்று மருத்துவர்களிடம் சொன்னார். குணமாக்க முடியாத நோயாளிகளை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் நவீன ஹாஸ்பைஸ் முறையை 1967-ல் லண்டனில் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், ஜெபத்தில் வேரூன்றிய பெண். சரியான அளவில் கொடுக்கப்படும் மார்ஃபின் உயிரை எடுப்பதில்லை, வலியைத்தான் எடுக்கிறது. தாவீது பிள்ளைக்காக ஏழு நாள் தரையில் கிடந்து உபவாசித்தான். பிள்ளை இறந்ததும் எழுந்து குளித்து, ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டான். அவனை அவிசுவாசி என்று வேதம் எங்கேயும் சொல்லவில்லை.

சிறுமியிடம் வேலைசெய்யும் மருந்தைப் பிடுங்கினோம். பையனிடம் இனி வேலைசெய்யாத மிஷினைத் திணிக்கிறோம். இரண்டிலும் நம் சாட்சிக்கான விலையைப் பிள்ளையின் உடல் கொடுக்கிறது. என் விசுவாசத்துக்கு என் உடலைப் பணயம் வைக்கலாம். அடுத்தவர் பிள்ளையின் உடலை வைக்க நான் யார்?

பையனின் அப்பாவை இந்த வாரமே போய்ப் பாருங்கள். மூப்பர்கள் சொன்னது சபையின் வார்த்தை அல்ல என்று உங்கள் வாயால் அவருக்குச் சொல்லுங்கள். அவன் வீட்டில் இருக்கும் நாட்களில் மாலையில் போய் அவனுக்குப் பிடித்த பாட்டுகளைப் பாடுங்கள்.

சிறுமிக்கு வரும் செவ்வாய்க்கிழமை பரிசோதனை நாள். மாத்திரை விட்டதைச் சொன்னால் டாக்டர் திட்டுவாரோ என்று பயந்து, அவள் அம்மா மறைக்கப் பார்க்கிறாள். மறைத்தால் டாக்டரால் மருந்தின் அளவைக் கணிக்க முடியாது; அந்த நாட்கள் கணக்கில் வந்தே ஆகவேண்டும். காலை ஆறரைக்கு அவர்கள் வீட்டு வாசலுக்கு ஆட்டோ சொல்லியிருக்கிறேன். நீங்களும் வாருங்கள், பாஸ்டர். நிறுத்தியதற்கு ஆமென் சொன்னது நான்தான் என்று டாக்டரிடம் நீங்களே சொன்னால், அவள் மிச்சத்தைப் பயமில்லாமல் சொல்லிவிடுவாள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் ஓய்வுநாள் பாடசாலை அக்கா