அட்டையில் தைத்தவர் பெயரும் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் சொந்தமாக உடுப்பும் பையும் தோடும் செய்து விற்கும் இளம் வடிவமைப்பாளர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். நல்ல கட்டுரை. படத்தில் இருந்த மூன்று உடுப்புகளில் ஒன்று, அந்தப் பச்சைக் கோடு போட்ட கைத்தறி ஜாக்கெட், கொட்டாஞ்சேனையில் என் வீட்டு முன் அறையில் தைத்தது. தைத்தவன் நான். கட்டுரையில் அது இல்லை. நிருபரைக் குறை சொல்லவில்லை, அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எனக்கு 63 வயது. புறக்கோட்டை கெய்சர் வீதியில் ஒரு துணிக்கடை மாடியில் காஜா, அதாவது தெறி மாட்டும் துளை, எடுத்துத் தொழில் பழகியவன். 1986இல் கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயத்துக்கு வேலைக்குப் போனேன். அங்கே எனக்குக் கிடைத்தது சட்டைக்கு இடது கை பொருத்தும் வேலை. வலது கையை அடுத்த மெஷினில் இருந்த பிள்ளை பொருத்துவாள். ஆறு வருடம் இருந்தேன், ஒரு முழுச் சட்டை தைக்கவில்லை. அதனால்தான் இந்த வடிவமைப்பாளர் பிள்ளைகள் மேல் எனக்குத் தனிப் பிரியம். துணி வெட்டுவதில் இருந்து தெறி வைப்பது வரை ஒரு முழு உடுப்பை என்னை நம்பித் தந்தவர்கள் அவர்கள்.

அவர்கள் என்னைத் தேடி வந்ததற்குக் காரணம் மின்வெட்டு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது மோட்டார் மெஷின் வைத்திருந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். என்னிடம் அப்பாவின் கால்மிதி மெஷின் இருந்தது. யன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு பொழுது சாயும் வரை மிதித்தேன். இஸ்திரிக்குச் சிரட்டைக்கரி. வாய்வழியாகச் செய்தி பரவி, நான்கு பிள்ளைகள் துணியோடு வந்தார்கள். அந்தப் பச்சை ஜாக்கெட்டின் சொந்தக்காரியும் அவர்களில் ஒருத்தி.

அந்த ஜாக்கெட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல விடுங்கள். துணி மருதமுனைக் கைத்தறி. கைத்தறியை வாங்கிய கையோடு வெட்டக் கூடாது. ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் காயவிட்டுத்தான் கத்தரி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே கை சுருங்கி மேலே ஏறிவிடும். வெட்டிய ஓரம் தொட்டாலே நூல் நூலாகப் பிரியும். அதனால் ஒவ்வொரு தையலையும் இரண்டு தரம் போட்டு, பிரிந்த ஓரத்தை உள்ளே அடைத்துவிடுவேன். நடு முதுகில் கோடும் கோடும் சந்திக்க வேண்டும். அதற்கே அரை நாள் போனது.

அப்புறம் கை. பிள்ளை போனில் வரைந்து கொண்டுவந்த படத்தில் கை அழகாகத்தான் விழுந்தது. தைத்துப் போட்டுப் பார்த்தால், "மாஸ்டர், கையைத் தூக்கினா முழு ஜாக்கெட்டும் மேல வருது" என்றாள். வரத்தானே செய்யும், படத்தில் இருந்த பெண் கையைத் தூக்கவில்லையே! பழைய ஜிப்பாவில் வைக்கிற மாதிரி கமக்கட்டில் ஒரு சதுரத் துண்டு வைத்துக் கொடுத்தேன். இப்போது அவளுடைய எல்லா ஜாக்கெட்டிலும் அந்தத் துண்டு இருக்கிறது. அவளுடைய அடையாளம் என்று உங்கள் கட்டுரையே அதைத்தான் பாராட்டியிருக்கிறது.

ஜாக்கெட் விலை 14,500 ரூபா. எனக்குக் கிடைத்தது 1,800. இந்தக் கணக்கில் எனக்குக் கோபம் இல்லை. கைத்தறி, உள்துணி, சிரட்டைத் தெறி, சந்தையில் மேசைக்கு வாடகை, விற்காமல் அலுமாரியில் தொங்கும் பத்து உருப்படி எல்லாம் அவள் தலையில்தான். "புறக்கோட்டையில் இதே மாதிரி 2,500க்கு இருக்கே" என்று பேரம் பேசுகிறவர்களோடு நானே சண்டைக்குப் போவேன். மாதிரிக்குத் தைக்கும் முதல் உருப்படிக்கும் கூலி தரலாம் என்பது மட்டும் என் சின்ன மனக்குறை. மாதிரிதான் அதிக நேரம் பிடிக்கும்.

மனது கேட்காதது அட்டைதான். போன மாதம் ஒரு சனிக்கிழமை, கொழும்பு 7இல் நடந்த சந்தை ஒன்றுக்குப் பேத்தியோடு போனேன். அந்த ஜாக்கெட் தொங்கியது. கழுத்தில் கட்டியிருந்த அட்டையை பேத்தி சத்தமாக வாசித்தாள்: "முழுவதும் என் கைகளால் செய்யப்பட்டது." கீழே அந்தப் பிள்ளையின் பெயர். "தாத்தா, இது நீங்க தைச்சதுதானே?" என்று கேட்டாள். நான் தண்ணீர்ப் போத்தல் வாங்க வேண்டும் என்று அவளை அப்பால் கூட்டிக்கொண்டு போனேன்.

இது இன்று நேற்றைய வழக்கமும் இல்லை. பெந்தோட்டை ஹோட்டல் கூரைக்கு எனா த சில்வா செய்த பத்திக்கை, மெழுகு பூசிச் சாயம் ஏற்றிய துணியை, பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். எழுத வேண்டியதுதான், அவர் பெரிய கலைஞர். அந்தத் துணியில் மெழுகு பிடித்தவர்கள் யார் யார் என்று நான் மட்டும் எங்கும் வாசித்ததில்லை.

தெகிவளையில் இன்னொரு பிள்ளை இருக்கிறாள். உடுப்பின் உள்பக்கம், இடுப்புத் தையலோடு, விரல் நகம் அளவுக்கு இரண்டாவது அட்டை ஒன்று வைக்கிறாள். அதில் தைத்தவரின் பெயரும் ஊரும் இருக்கும். இரண்டு ரூபாகூடச் செலவில்லை. சென்ற வருடம் ஒரு அம்மா, பிரசவத்துக்குப் பிறகு உடம்பு பெருத்துவிட்டது என்று, அந்த அட்டையைப் பார்த்துவிட்டு அந்தப் பிள்ளையிடம் என் விலாசத்தை விசாரித்து, கவுனை விரித்துத் தைக்கக் கொண்டுவந்தார். உள்ளே இரண்டு அங்குலம் விட்டுத்தான் தைத்திருந்தேன். பத்து நிமிட வேலை.

அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை போடும்போது, வடிவமைப்பாளரிடம் "யார் தைத்தது?" என்றும் ஒரு கேள்வி கேட்கும்படி உங்கள் நிருபரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. படத்தை உற்றுப் பார்த்தால், அந்த ஜாக்கெட்டின் இடப்பக்கப் பை வலப்பக்கத்தைவிட இரண்டு நூல் கீழே இறங்கியிருப்பது தெரியும். அதுவும் நான் தைத்ததுதான்.

இப்படிக்கு,
தையற்காரர் ஒருவர்,
கொழும்பு 13