மாற்று கோல்கீப்பரின் நன்றி மடல்

பென்னாகரம் வட்டாரத்திலும் தருமபுரி நகரத்திலும் எனக்கு உதவிய எல்லோருக்கும் வணக்கம்.

இந்திய மகளிர் கால்பந்து லீக்கில் என் முதல் சீசனை முடித்துவிட்டு ஊருக்கு வந்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை கோல் போட்டாய்?" நான் கோல்கீப்பர். அதிலும் மாற்று கோல்கீப்பர். கோல் விழாமல் தடுப்பதுதான் என் வேலை. அந்த வேலையையும் பெரும்பாலான ஆட்டங்களில் வேறோர் அக்காதான் பார்த்தார். ஒவ்வொருவரிடமும் இதை விளக்கிக்கொண்டிருந்தால் மாங்காய்ப் பருவமே முடிந்துவிடும். அதனால் நன்றியையும் விளக்கத்தையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். கிளப்பின் பெயரை மட்டும் எழுதவில்லை. பின்னால் சம்பளத்தைப் பற்றி இரண்டு வரி வருகிறது, அதுதான் காரணம்.

முதலில் லீக்கைப் பற்றி. 2024-25 சீசன் ஜனவரி 10-ஆம் தேதி தொடங்கி ஏப்ரல் 18-ஆம் தேதி முடிந்தது. மொத்தம் எட்டு அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற ஏழு அணிகளோடு சொந்த ஊரில் ஒரு முறை, அவர்கள் ஊரில் ஒரு முறை என்று 14 ஆட்டங்கள் ஆடியது. ஈஸ்ட் பெங்கால் முதல் முறையாகப் பட்டம் வென்றது. கோகுலம் கேரளாவுக்கு ஆடிய உகாண்டா வீராங்கனை ஃபாசிலா இக்வாபுட் 24 கோல்கள் அடித்தார். கோல்கீப்பர்கள் அவர் பெயரைக் கேட்டாலே ஏன் பெருமூச்சு விடுகிறார்கள் என்று பெஞ்சிலிருந்தே எனக்குப் புரிந்துவிட்டது. 2016-17-இல் லீக் தொடங்கிய புதிதில் அணிகளை ஓரிடத்தில் கூட்டி, சில வாரங்களில் ஆட்டங்களை முடித்துவிடுவார்களாம். ஊர் ஊராகப் போய் ஆடும் முறை 2023-24-இல்தான் வந்தது. முன்பு ஆடிய அக்காக்கள் இதையே பெரிய வசதி என்கிறார்கள்.

வசதிதான். ஆனாலும் தேதிகளைக் கூட்டிப் பாருங்கள். லீக் மூன்று மாதத்துச் சொச்சம். மீதி ஒன்பது மாதம் ஒரு வீராங்கனைக்குச் சோறு போட்டு, ஓட வைத்து, பந்து அடித்துக் கொடுத்து, காயத்துக்குக் கட்டுப் போட்டு வைத்திருப்பது யார்? என் விஷயத்தில் நீங்கள்தான். அதனால் இந்த மடல் லீக் நடந்த மாதங்களைவிட நடக்காத மாதங்களுக்கே அதிகம் சேரும்.

டீச்சர், உங்களிடமிருந்து தொடங்குகிறேன். கோல் கம்பத்தின் உள்ளகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். பெண்கள் ஆடுகிறார்கள் என்று அதில் ஒரு சாண்கூடக் குறைக்க மாட்டார்கள். நம் பள்ளி மைதானத்தில் அப்போது கம்பமே இல்லை, இரண்டு செங்கல்தான். நீங்கள் அளவு நாடா கொண்டுவந்து, சவுக்குக் கழிகளை ஆள் வைத்து நட்டு, மேலே கயிறு கட்டினீர்கள். கயிறு நடுவில் தொய்ந்து கிடக்கும். பந்து அதற்கு மேலே போனால் கோல் இல்லை என்று நான் வாதாடுவேன். "கம்பி தொய்யாது, எட்டிப் பிடி" என்று நீங்கள் விடாமல் நிற்பீர்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரை வென்று முதன்முறையாகத் தேசிய சாம்பியன் ஆன செய்தியையும், 2019-இல் மதுரையின் சேது எஃப்.சி. லூதியானாவில் இந்த லீக்கையே வென்ற செய்தியையும் நாளிதழிலிருந்து வெட்டி வகுப்பறைச் சுவரில் ஒட்டினீர்கள். மதுரைக்காரர்களால் முடியும் என்றால் என்று நீங்கள் ஆரம்பித்த வாக்கியத்தை ஒருநாளும் முடித்ததில்லை. முடிக்காமல் விட்டதற்கும் சேர்த்து நன்றி.

அடுத்து என் தாய்மாமா. நம் பக்கத்தில் பெண் பிள்ளைக்குப் பதினெட்டு முடிவதற்கு முன்பே ஜாதகம் கேட்டு வந்துவிடுவார்கள் என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. என் வீட்டில் அதற்குக்கூட வேலை இல்லை. மாமாவுக்குத்தான் என்று ஊரே முடிவுகட்டி வைத்திருந்தது. மாரியம்மன் திருவிழாவில் பங்காளிகள் எல்லோரும் கூடியிருந்த இடத்தில் மாமா எழுந்து, "நான் தூக்கி வளர்த்த பிள்ளை அது. பந்து பிடிக்கிறேன் என்கிறது, பிடிக்கட்டும். எனக்கு வேறு இடத்தில் பார்த்தாகிவிட்டது" என்றார். பார்த்தாகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தப் பேச்சைக் காப்பாற்றவே அவசரமாகப் பெண் தேடினார்கள். அப்படி வந்த அத்தைதான் இன்று என் ஆட்டங்களைக் கைப்பேசியில் போட்டு, தெருவே பார்க்கும்படி திண்ணையில் வைக்கிறார். அத்தைக்கு நன்றி தனியாக உண்டு.

"பந்து பிடித்தால் வேலை கிடைக்குமா?" என்று கேட்ட பெரியவர்களையும் நான் குறை சொல்லவில்லை. நியாயமான கேள்வி. தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கடலூரிலிருந்து போய் இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் காவல்துறையில் உதவி ஆய்வாளர். இதை அப்பாவிடம் எடுத்துச் சொன்னது நானில்லை, பென்னாகரம் பஸ்ஸின் நடத்துநர் அண்ணன். நான் தருமபுரி மாவட்ட விளையாட்டு அரங்கத்தில் பயிற்சி முடித்து வரும் நாட்களில், கடைசி பஸ்ஸை இரண்டு நிமிடம் நிறுத்தி வைத்ததும் அவர்தான். அந்த இரண்டு நிமிடத்துக்கு வசவு வாங்கியதும் அவர்தான்.

கையுறை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். கோல்கீப்பர் கையுறையின் உள்ளங்கை லேடெக்ஸால் ஆனது. பிடிப்பு அதில்தான் இருக்கிறது, தேய்வதும் அதுதான். புல்தரையில் ஆடுகிறவர்களுக்கே சீக்கிரம் போய்விடும். நம் மைதானத்துச் சரளை மண்ணில் பாய்ந்து விழுந்தால் சில வாரங்களில் விரல் வெளியே தெரியும். தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செருப்பு தைக்கும் தாத்தாவிடம் கொண்டுபோனேன். அவர் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேல்பக்கம் புதுசாக இருக்கிறது, உள்பக்கம் போய்விட்டதே. வேலை செய்கிற கை இப்படித்தான்" என்றார். முதலில் சைக்கிள் டியூபை வெட்டித் தைத்தார். பார்க்கப் பிரமாதமாக இருந்தது, பந்து நிற்கவில்லை. பிறகு என் பழைய ஜோடியில் தேயாமல் இருந்த மணிக்கட்டுப் பகுதி லேடெக்ஸை வெட்டி எடுத்து, விரல் நுனிகளில் மட்டும் ஒட்டி, ஓரத்தை மெழுகு நூலால் தைத்தார். தையல் பந்தில் படாதபடி உள்ளே மடித்துவிட்டார். அதற்கு அவர் வாங்கியது ஒரு ஜோடி செருப்புக்கு வாங்கும் கூலி. ஆட்டத்துக்கு முன் லேடெக்ஸைத் தண்ணீரில் நனைத்தால்தான் பிடிக்கும், காய்ந்தால் வழுக்கும் என்று நான் சொன்னதை இன்றுவரை அவர் நம்பவில்லை. தோலை நனைக்கலாமா என்கிறார்.

சாப்பாட்டுக்கு ஆயா. கேழ்வரகுக் களியும் கொள்ளுக் கடைசலும் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு இது. முகாமில் உணவு ஆலோசகர் எழுதித் தந்த பட்டியலில் புரதம், இரும்புச் சத்து என்று வரிசையாக இருந்ததைத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். "இதைத்தானே நானும் ஆக்கிப் போட்டேன், அதற்கு எதற்குக் காகிதம்?" என்று கேட்டுவிட்டார். முட்டைக்கு முக்குக் கடை அண்ணன். ஓடு கீறல் விட்ட முட்டைகளைத் தனித் தட்டில் எடுத்து வைத்திருந்து பாதி விலைக்குக் கொடுப்பார். அந்தப் பாதியையும் கணக்கு நோட்டில்தான் எழுதுவார்.

பிறப்புச் சான்றிதழில் என் பெயரே இல்லை, 'பெண் குழந்தை' என்று மட்டும் இருந்தது. அதைச் சரிசெய்து, வீராங்கனைப் பதிவுக்கு வேண்டிய தாள்களை ஒழுங்குபடுத்திக் கொடுத்த இ-சேவை மையத்து அக்காவுக்கு நன்றி. தருமபுரி நிலையம் பெங்களூர்–சேலம் பாதையில் இருக்கிறது. ஆனாலும் கேரளப் பக்கம் போகும் ரயில்கள் பலவற்றுக்கு மொரப்பூருக்கோ சேலத்துக்கோ போய்த்தான் ஏறவேண்டும். அகால வேளையில் என்னை மொரப்பூரில் விட்டு, ரயில் கிளம்பும்வரை பிளாட்பாரத்தில் காவலாக நின்ற பால் வண்டி மாமாவுக்கும் நன்றி.

இனி பெங்களூர் ஆட்டம். அப்பா அங்கே பல வருடமாகச் சென்ட்ரிங் வேலை பார்க்கிறார். கூலியைப் பிடிக்காமல் மேஸ்திரி அரை நாள் விட்டுவிட்டார். அப்பா தனியாக வருவார் என்று நினைத்திருந்தேன். ஏரியூர், பாப்பாரப்பட்டி, பென்னாகரம் ஆட்கள் ஒரு கூட்டமாக, சட்டையில் சிமெண்டோடு வந்து இறங்கினார்கள். அன்று கேலரியில் சத்தம் என்று இருந்தது அவர்கள் சத்தம்தான். வார்ம்-அப்பில் மாற்று கோல்கீப்பருக்கு நிறைய வேலை உண்டு: முதல் கோல்கீப்பருக்கு உயரப் பந்து, தரைப் பந்து, குறுக்குப் பந்து என்று மாற்றி மாற்றி அடித்துக் கொடுக்கவேண்டும். நான் உதைத்த ஒவ்வொரு பந்துக்கும் கைதட்டினார்கள். விசில் ஊதியதும் நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். கைதட்டல் நின்றது. கொஞ்ச நேரத்தில் அப்பாவோடு வேலை செய்யும் ஒரு பெரியப்பா வேலி வரை இறங்கி வந்து, "ஏம்மா, உடம்புக்குச் சரியில்லையா?" என்று கேட்டார். நான்காவது நடுவர் திரும்பிப் பார்க்கிறார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "இல்லை பெரியப்பா, அந்த அக்காவுக்கு ஏதாவது ஆனால்தான் நான்" என்றேன். "சேச்சே, அந்தப் பிள்ளைக்கு ஏன் ஏதாவது ஆகவேண்டும்?" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனார்.

போய் என்ன சொன்னாரோ, அதற்குப் பிறகு ஆட்டம் முடியும்வரை எங்கள் முதல் கோல்கீப்பருக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள். "பிடி சாமி! விடாதே சாமி!" அந்த அக்கா மணிப்பூர்க்காரர். முடிந்ததும், "யார் இவர்கள், என்னை என்ன சொல்லி அழைத்தார்கள்?" என்று என்னிடம் கேட்டார். எங்கள் ஊரில் பெற்ற பிள்ளையை அப்படித்தான் கூப்பிடுவோம் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் நேராக வேலிக்குப் போய் எல்லோருக்கும் கை கொடுத்தார். அப்பாவின் ஆட்கள் காசு சேர்த்து ஒரு தார் ஏலக்கி வாழைப்பழம் வாங்கி வைத்திருந்தார்கள். திரும்பும் பஸ்ஸில் அணி முழுக்க அதைத்தான் சாப்பிட்டது.

அந்த அக்காவுக்கு நான் எப்படி நன்றி சொல்வது? மாற்று ஆளாக இருக்கும் நான் தன் இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தும், கார்னரின்போது, அதாவது மைதான மூலையிலிருந்து எதிரணி பந்தை உதைக்கும்போது, எந்தக் காலை முன்னே வைக்கவேண்டும், பந்தை மார்போடு அணைத்த பிறகு எந்தப் பக்கம் உருளவேண்டும் என்று ஒன்று விடாமல் கற்றுக் கொடுத்தார். சீசன் கடைசியில் அவருக்கு விரல் பிசகியது. மாற்றி ஆட நான் இறங்கியபோது, தன் கையுறையை நனைத்து எடுத்து வந்து என் கையில் போட்டுவிட்டவரும் அவரே. முதல் கார்னர் உயரமாக, நேராகக் கம்பத்துக்கு வந்தது. கயிறு தொய்ந்திருக்கவில்லை டீச்சர். இரண்டு கையாலும் பிடித்தேன். நம் ஊர் மண் இல்லாததால் விழுந்தபோது வலிக்கவும் இல்லை.

சம்பளம். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2023-இல் ஒரு விதி கொண்டுவந்தது: லீக் அணிகள் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளை ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் ஒப்பந்தம் செய்யவேண்டும் என்று. நல்ல விதி. பதினோராவது ஆளுக்கு என்ன என்பதை நான் அனுபவத்தில் தெரிந்துகொண்டேன். ஒரு மாதச் சம்பளம் தாமதமானது. வராமல் போகவில்லை, தாமதம்தான். ஒப்பந்தம் என்று ஒரு காகிதம் இருப்பதால்தான் அதைத் தாமதம் என்று சொல்லவாவது முடிகிறது. அந்த மாதம் வீட்டுக்கு நான் பணம் அனுப்பாததைக் கவனித்து, அம்மா கேட்காமலேயே வரிசையை மாற்றிக் கடன் கொடுத்த எங்கள் தெரு மகளிர் சுயஉதவிக் குழுவினருக்கு நன்றி. வட்டியோடு கட்டிவிட்டேன், நோட்டில் வரவு வைத்துவிட்டார்களா என்று அம்மா பார்த்துக்கொள்வார்.

சிலர் பெயர் விட்டுப்போயிருக்கும். சிலரை விட்டது தெரிந்தேதான். அரைக்கால் சட்டை போடுகிற பிள்ளை என்று என் அம்மாவைக் குழாயடியில் கேலி பேசியவர்கள் இப்போது என்னோடு படம் எடுக்க வருகிறார்கள். எடுத்துக்கொள்ளட்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். பென்னாகரத்தில் எனக்கு பிளெக்ஸ் பேனர் வைக்க அண்ணன்மார்கள் சிலர் பணம் சேர்ப்பதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து வேண்டாம். அடுத்த லீக்குக்குக் கிளப் கூப்பிடும்வரை நான் இங்கேதான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் டீச்சரோடு பள்ளி மைதானத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். கையுறை என்னிடம் இருக்கிறது, வெறுங்கையோடு வந்தால் போதும். சேர்த்த பணத்தில் கோலுக்கு ஒரு வலை வாங்கிக் கொடுங்கள். வலை இல்லாமல் ஒவ்வொரு பந்தும் ஏரிக்கரை வரை ஓடுகிறது. அதை எடுத்துவர ஓடுவது கோல் அடித்தவள் இல்லை, கோல்கீப்பர்தான்.