அப்பா, அது சாராயக்கடை இல்லை

கேம்பர்லி,
இங்கிலாந்து.

அன்புள்ள அப்பாவுக்கு,

தோத்திரம். நான் நலம். அம்மா, தம்பி, பாட்டி எல்லோரும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன்.

போன ஞாயிறு போனில் ‘ஒயின் கடைக்குப் போய்வந்தேன்’ என்று நான் சொன்னதும், நீங்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டீர்கள். அம்மா ‘சாப்பிட்டாயா’ என்று பேச்சை மாற்றினாள். அதனால்தான் இந்தக் கடிதம். கோபத்தில் இதையும் பாதியில் வைப்பீர்கள். ஆனால் கொஞ்ச நேரத்தில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்ப எடுப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நம் பக்கம் மதுக்கடை என்றால் கம்பி வலை, வலைக்குள் ஒரு கை, வெளியே பத்துக் கைகள். மலையேறிக் கேரளப் பக்கம் குமுளிக்குப் போனால் வரிசை கொஞ்சம் ஒழுங்காக நிற்கும், அவ்வளவுதான். பெண்கள் அந்தத் தெருவையே சுற்றிக்கொண்டு போவார்கள். நான் போன கடையோ ரொட்டிக்கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வார்டில் எங்களோடு வேலை பார்த்த மூத்த நர்ஸ் ஓய்வு பெறுகிறார். பரிசு வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. உள்ளே ஒரு பாட்டி பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார். ஒருத்தி குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நின்றாள். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. 18 வயது ஆகாதவர்களுக்கு விற்கக் கூடாது என்பது சட்டம். 25க்குக் குறைவாகத் தெரிந்தாலே அடையாள அட்டை கேட்டுவிடுகிறார்கள். என்னிடமும் கேட்டார்கள். சந்தோஷமாகக் காட்டினேன்.

கடைக்கு வேறு கிளை கிடையாது. முதலாளி, வேலையாள், கணக்குப்பிள்ளை எல்லாம் கணவனும் மனைவியும்தான். யாருக்கு, என்ன சாப்பாட்டோடு, எவ்வளவுக்குள் என்று மூன்று கேள்வி கேட்டார் அந்தப் பெரியவர். பத்துப் பவுண்டுக்குள் என்று தயங்கிச் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. தனக்கே பிடித்த அலமாரி அதுதான் என்று கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் அவர் மனைவி கையால் எழுதிய சின்ன அட்டை தொங்குகிறது.

இனி உங்களுக்குப் பிடித்த கணக்கு. இங்கே ஒயினுக்குத் தீர்வை விலையைப் பார்த்து அல்ல, அதிலுள்ள ஆல்கஹால் அளவைப் பார்த்துப் போடுகிறார்கள். அதற்கு மேல் 20 சதவீதம் மதிப்புக்கூட்டு வரி. 7 பவுண்டு பாட்டில் ஒன்றில் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 4 பவுண்டு அரசாங்கத்துக்குப் போகிறது. மீதி மூன்றில் கண்ணாடி, மூடி, கப்பல், லாரி, கடை லாபம் எல்லாம் கழித்தால் திராட்சைக்காரனுக்கு என்ன மிஞ்சும்? அதே பாட்டில் 10 பவுண்டு என்றால் தீர்வை ஏறாது. வரி அரைப் பவுண்டு கூடும். மீதி ஐந்தரைக்கு வந்துவிடும். மலிவு வேண்டுமென்றால் அடிமட்ட விலையை எடுக்காதே, அதற்கு ஒரு படி மேலே எடு என்று அவர் சொல்வது இதனால்தான். பெயர் பெற்ற ஊர்களை விட்டு அவற்றுக்குப் பக்கத்து ஊர்களில் வாங்குகிறாராம். போர்ச்சுகல், தெற்கு பிரான்ஸ், ஸ்பெயின் பக்கங்களில் சின்னச் சின்னத் தோட்டக்காரர்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து பழத்தைப் பிழிகிறார்கள். அந்தச் சரக்கு இந்த அலமாரியில் நிறைய.

அந்தப் பாட்டில்களில் ஊர்ப் பெயர் இருக்கிறது, அப்பா. சிலவற்றில் தோட்டக்காரர் பெயரே இருக்கிறது. நம் தோட்டத்துத் திராட்சை கேரளாவுக்குக் கம்பமெட்டு மலை ஏறும்போது பெட்டியில் வியாபாரியின் இனிஷியல் மட்டும்தானே இருக்கும்? கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் நம் ராயப்பன்பட்டியில் விளைந்தது என்று கோட்டயத்தில் வாங்குகிறவருக்கு இன்றைக்கும் தெரியாது. எனக்கு ஆத்திரம் வந்தது அந்த அலமாரியின் முன்னால்தான்.

நீங்கள் திராட்சை போடுகிறீர்கள் என்றதும் பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டார். பன்னீர் என்றால் மஸ்கட் ஹாம்பர்க் என்று கண்டுபிடித்தார். பெரும்பாலும் தின்கிற பழம்தானாம். கிரீஸில் டிர்னவோஸ் என்ற ஊர்ப் பக்கம் பிழிந்து ஒயினும் செய்கிறார்களாம். ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768இல் நட்ட ஒரு கொடி இன்னும் காய்க்கிறது, அப்பா! பிளாக் ஹாம்பர்க் என்ற ரகம். அந்த ரகமும் அலெக்சாந்திரியா மஸ்கட்டும் சேர்ந்து பிறந்ததுதான் நம் பன்னீர். அந்த அரண்மனைக் கொடி கண்ணாடிக் கூரைக்குள் வளர்கிறது, வருடத்துக்கு ஒரே அறுப்பு. நம் பந்தலில் வருடம் முழுக்கப் பழம் என்றால் இங்கே நம்ப மாட்டார்கள். செப்டம்பரில் பழத்தை அரண்மனையிலேயே விற்பார்களாம். போய் வாங்கிப் பார்க்கிறேன்.

இந்த ஊர்ப் பூங்காவில் 2022இல் பென்னிகுயிக் சிலையை வைத்தார்கள். அவர் யார் என்று பெரியவருக்குத் தெரியவில்லை. மேற்கே ஓடிய முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை 1895இல் அணை கட்டிக் கிழக்கே திருப்பியவர், அவர் பிறந்தநாளுக்கு எங்கள் ஊரில் பொங்கல் வைப்போம் என்று சொன்னேன். இங்கிலாந்துக்காரருக்கு இங்கிலாந்துக்காரரைப் பற்றிப் பாடம் எடுத்துவிட்டேன்.

குடித்தேனா என்று அம்மா கேட்பாள். கறுப்பு மஸ்கட்டில் செய்த இனிப்பு ஒயின் ஒரு மடக்கு கொடுத்தார்கள். மூக்கருகே கொண்டுபோனதும் பழுத்த பந்தலுக்குள் நிற்கிற அதே வாசனை. ஆனால் பட்டை, கிராம்பு, கோதுமை போட்டுப் பரணியில் மூடிவைக்கும் அம்மாவின் கிறிஸ்துமஸ் ஒயின்தான் தலைக்கு ஏறும். காரமான கறிக்கு அடர்ந்த சிவப்பு ஒயின் ஆகாதாம், காரத்தை ஏற்றிவிடுமாம். லேசான இனிப்புள்ள வெள்ளை எடுக்கச் சொன்னார்கள். நர்ஸம்மாவுக்கு அதையே வாங்கினேன். அவர் எங்கள் மட்டன் குழம்புக்கு அடிமை.

மருந்து அடிக்கும்போது முகத்தில் துணி கட்டுங்கள். இந்த மாதப் பணம் அனுப்பிவிட்டேன். வாய்க்கால் ஓரத்துக் கல்தூண்களை முதலில் மாற்றுங்கள்.

ஒரு வேலை தம்பிக்கு. கடைக்காரர்கள் கல்லாவுக்கு மேலே தோட்டக்காரர்களின் போட்டோக்களை ஒட்டி வைத்திருக்கிறார்கள். உங்கள் போட்டோவும் வேண்டுமாம். அடுத்த அறுப்புக்கு முன்னால் பந்தலுக்குள் நிற்கவைத்து எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கைலி வேண்டாம் அப்பா, வேட்டி கட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்