தடைக்காலத்தில் எங்கள் பாட்டும் கேரமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிடித்த பாட்டு, படம் பற்றி எழுத எனக்கும் ஆசை. 1964இல் வந்த ‘படகோட்டி’க்கு வாலி எழுதிய பாட்டுகளை அப்பா இலங்கை வானொலியில்தான் கேட்பார். பாம்பனில் எங்களுக்கு அதுதான் உள்ளூர் நிலையம் மாதிரி. பேட்டரி இறங்கிவிட்டால் வெயிலில் காயவைத்து மறுபடி போடுவார். இரண்டு பாட்டுக்குத் தாங்கும். படத்தில் எனக்கு ஒரே குறை, மீனவராக வரும் எம்.ஜி.ஆர். சட்டையில் ஒரு மீன் செதில்கூட ஒட்டியிருக்காது! சரி, டி.எம்.எஸ். குரல் வந்ததும் அதெல்லாம் மறந்துபோகும்.

2002இல் வந்த, இலங்கைப் போரைச் சொல்லும் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தை ஒருமுறைதான் பார்த்தேன். அகதிகளாகக் கரையேறியவர்களுக்கு எங்கள் வீட்டில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருக்கிறோம். இரண்டாம் முறை பார்க்க மனசு வரவில்லை.

விளையாட்டு என்றால் கேரம்தான். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகில் மீன்பிடிக்கத் தடை; வலை பின்னும் கொட்டகையில் பலகை இறங்கிவிடும். கடல் காற்றின் ஈரத்தில் காய் நகராது. போரிக் பவுடர் தீர்ந்தால் வீட்டு முகப்பவுடரைத் தூவுவோம். அப்புறம் வீட்டில் கிடைக்கும் வசவு தனி. பேரன் கைபேசியில் கிரிக்கெட் ஆடுகிறான்; கேரமில் சிவப்புக் காயைப் போட்டதும் பக்கத்தில் இருப்பவன் முகம் சுருங்குவதை அதில் பார்க்க முடியுமா?

இப்படிக்கு,
ஒரு விசைப்படகுத் தொழிலாளி,
பாம்பன்.