ஜெபக் குறிப்பில் வந்த பையனின் அப்பாவுக்கு

அன்புள்ள தம்பி,

போன வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்து ராத்திரி 11 மணிக்கு நீ போன் செய்தபோது எனக்குப் பாதித் தூக்கம். "பெரியவன் இனிமே சர்ச்சுக்கு வரமாட்டேங்கிறான்க்கா. பத்தாவது வந்தாச்சு, நற்கருணை எடுக்கறதுக்கான திடப்படுத்தல் வகுப்பு வேற ஆரம்பிக்கப் போகுது. நாலு சாத்து சாத்தறதா, விட்டுப் பிடிக்கறதா?" என்று கேட்டாய். "ஜெபம் பண்ணு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அக்காக்கள் சொல்கிற பதில்களிலேயே சோம்பேறிப் பதில் அதுதான். அதை ஈடுகட்டத்தான் இந்தக் கடிதம்.

ஊருக்கே தெரிகிற மாதிரி ஏன் எழுதுகிறாய் என்பாய். உன் பையனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேர் போடாதீங்க அத்தை. பத்தாவதுன்னு வேணா போட்டுக்கோங்க" என்றான். நீ அவனிடம் கேட்டாயா? சபை வாட்ஸ்அப் குரூப்பில் அவன் பேரைப் போட்டு, "என் மகன் ஆராதனையை அசட்டை செய்கிறான், இருதயம் உடைக்கப்பட ஜெபியுங்கள்" என்று ஜெபக் குறிப்பு அனுப்பினாயே, அதற்கு முன்னால்? அதற்குக் கீழே 43 பேர் ஆமென் போட்டிருக்கிறார்கள். எண்ணியது நான் இல்லை, அவன். அந்த 43 பேரில் அவனுடைய டியூஷன் சாரும் ஒருவர், கூடப் படிக்கிற பெண்ணின் அம்மாவும் ஒருவர். அடுத்த ஞாயிறு அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பான்?

"பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்" என்று வசனம் சொன்னாய். நம் வீட்டில் அந்த வசனத்துக்குக் குறைச்சலே இருந்ததில்லை. கதவுக்குப் பின்னால் அப்பா செருகி வைத்திருந்த புளிய மிளாறு உனக்கும் ஞாபகம் இருக்கும். ராத்திரி ஜெபத்தில் ஞானோபதேசத்தை, அதாவது சபையின் கேள்வி-பதில் பாடத்தை, ஒப்பிக்க வேண்டும். பத்துக் கட்டளைகளில் ஒவ்வொரு கற்பனைக்கும் "இதின் அர்த்தம் என்ன?" என்று அவர் கேட்பார். நாம் மூச்சு விடாமல் சொல்வோம். நடுவில் திக்கினால் மிளாறு இறங்கும். விபசாரம் செய்யாதிருப்பாயாக என்கிற ஆறாம் கற்பனையின் அர்த்தம் எனக்கு இன்றைக்கும் தலைகீழாகத் தெரியும். அது என்ன சொல்கிறது என்பது கல்யாணமான பிறகுதான் புரிந்தது.

1895-ல் அமெரிக்காவின் மிசோரி லுத்தரன் சபை அனுப்பிய மிஷனரிகள் நேத்தரும் மோனும் நம் கிருஷ்ணகிரியில் ஊழியத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய சபைக்கு அடிப்படைப் பாடமே இந்தச் சின்ன ஞானோபதேசம்தான். சபைச் சீர்திருத்தம் செய்த மார்ட்டின் லுத்தர் 1529-ல் எழுதியது. ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும், குடும்பத் தலைவன் இதைத் தன் வீட்டாருக்கு எளிமையாகக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று போட்டிருப்பார். அந்த எளிமைதான் நம் வீட்டில் எங்கேயோ தொலைந்துபோனது. "இதின் அர்த்தம் என்ன?" என்பது ஒரு குழந்தை அப்பாவின் மடியில் உட்கார்ந்து கேட்கிற கேள்வி மாதிரி இருக்கிறது. நம் அப்பா அதைப் பரீட்சைத் தாளாக்கிவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு அவர் அப்பா அப்படித்தான் செய்திருப்பார்.

லுத்தரே அடி வாங்கி வளர்ந்த பிள்ளைதான். ஒரு கொட்டையை எடுத்ததற்காக அம்மா ரத்தம் வர அடித்ததை வயதான பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா ஒருதரம் அடித்த அடியில் அவரை விட்டே விலகி ஓடினார். மகன் மனதைத் திரும்பப் பெற அந்த அப்பா படாத பாடு பட்டாராம். பிரம்புக்குப் பக்கத்தில் ஆப்பிளும் இருக்க வேண்டும் என்று லுத்தர் சொன்னது இந்த அனுபவத்தில்தான். கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு ஆப்பிளுக்கு எங்கே போவது, மாம்பழம் என்று வைத்துக்கொள்வோம்.

ஆனால் தம்பி, நீ உன் பையனை இதுவரை கை நீட்டி அடித்ததில்லை, அது எனக்குத் தெரியும். நம் தலைமுறை மிளாறை விட்டுவிட்டது. அதற்குப் பதிலாக ஜெபத்தைக் கையில் எடுத்துக்கொண்டோம். இதை உன்னைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னை வைத்துச் சொல்கிறேன்.

என் மகள் ஒன்பதாவது படித்தபோது தினமும் ராத்திரி என் ஜெபம் இப்படிப் போகும்: "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குப் புத்தியைத் தாரும். காலாண்டுல கணக்குல 38 மார்க் வாங்கியிருக்கா. போனை வெச்சா எடுக்க மாட்டேங்கிறா, எடுத்தா வெக்க மாட்டேங்கிறா. பாத்திரம் துலக்கச் சொன்னா காதுல விழறதில்ல..." ஆமென் வருவதற்குள் அன்றைய குற்றப்பத்திரிகை முழுவதும் வாசித்து முடித்துவிடுவேன். அவளால் எதிர்த்துப் பேசவும் முடியாது. ஜெபத்துக்கு நடுவில் யாராவது பதில் பேசுவார்களா?

ஒருநாள் அவள் முறை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்: "ஆண்டவரே, எங்கம்மா எங்கிட்ட சொல்ல வேண்டியதையெல்லாம் உம்மகிட்டயே சொல்லிட்டிருக்காங்க. பிள்ளை இங்கதான் பாயில உக்காந்திருக்கா, நேரா சொல்லலாம்னு நீர் அவங்ககிட்ட சொல்லும். ஆமென்."

உன் மாமா கண்ணை மூடியபடியே தோள் குலுங்கச் சிரித்தார். எனக்கு வந்ததே கோபம், களியைத் தட்டில் போட்ட வேகத்தில் குழம்பு அவர் சட்டையில் தெறித்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள், அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நான் பண்ணுனது தப்புதான்" என்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சரி" என்று மட்டும் சொல்லி, மடித்த துண்டை என் கையில் கொடுத்தாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான்: ஜெபத்தில் அவரவர் குற்றத்தை அவரவர் சொல்ல வேண்டும், அடுத்தவர் குற்றத்தைச் சொல்லக் கூடாது. முதல் வாரம் எனக்குச் சொல்ல ஒன்றுமே கிடைக்கவில்லை, ஜெபம் அரை நிமிஷத்தில் முடிந்துபோனது. நான் எவ்வளவு பரிசுத்தவாட்டி, பார்!

எபேசியர் ஆறாம் அதிகாரத்தில் "பிள்ளைகளே, கீழ்ப்படியுங்கள்" என்பதை வீட்டுச் சுவரில்கூட மாட்டி வைக்கிறோம். மூன்று வசனம் தள்ளி "பிதாக்களே, உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்" என்று இருப்பதை மாட்டிய வீடு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. கொலோசெயரில் அதற்குக் காரணமும் இருக்கிறது, பிள்ளைகள் "திடனற்றுப்போகாதபடி". உன் பையன் திடனற்றுப்போயிருக்கிறான். அதை நீ அசட்டை என்று படிக்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை அவனோடு ஒரு மணி நேரம் போனில் பேசினேன். அவன் சொன்னதில் இரண்டு விஷயம் உனக்குத் தெரிய வேண்டும். ஒன்று: "போன வருஷம் முழுப்பரீட்சை அப்போ அப்பாதான் 'சர்ச்சுக்கு வேணாம், டியூஷன் போ, கர்த்தர் புரிஞ்சுக்குவார்'னு அனுப்புனாரு அத்தை. அப்பாவுக்கு வேணும்னா கர்த்தர் புரிஞ்சுக்குறாரு, எனக்கு வேணும்னா புரிஞ்சுக்க மாட்டாரா?" என்னிடம் பதில் இல்லை. உன்னிடம் இருந்தால் அவனிடம் சொல்.

இன்னொன்று இதைவிடப் பெரிது. 2012 நவம்பரில் தருமபுரி நாயக்கன்கொட்டாயில், சாதி மாறி நடந்த ஒரு கல்யாணத்தைச் சாக்கிட்டு தலித் மக்களின் வீடுகளைக் கொளுத்தினார்களே, அதைப்பற்றி எங்கேயோ படித்திருக்கிறான். ராத்திரி சாப்பாட்டில் உன்னிடம், "நம்ம கிறிஸ்தவங்களும் ஏன்ப்பா பொண்ணு பார்க்கறப்ப என்ன ஆளுங்கன்னு கேக்கறாங்க?" என்று கேட்டானாம். "சாப்பிடறப்ப பேசாதே" என்றாயாம். அவன் கேட்டது "இதின் அர்த்தம் என்ன?" என்பதுதான், தம்பி. கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை என்று கலாத்தியரில் படித்ததற்கு அர்த்தம் கேட்கிறான். அப்பாவின் மிளாறுக்குப் பயந்து நாம் கேட்காமலே விட்ட கேள்வி அது. நம் குடும்பத்திலேயே எத்தனை சம்பந்தம் அதைக் கேட்டுத்தான் முடிந்தது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம், வெட்கமாக இருக்கிறது என்றாவது சொல்லியிருக்கலாம். அவன் ஊரறியக் கத்தவில்லை, தன் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துதான் கேட்டான்.

இப்படி வளர்த்தால் பிள்ளை நிச்சயம் நல்லபடி வருவான் என்று நான் எழுதிக்கொடுக்க மாட்டேன். ஆசாரியன் ஏலியின் பிள்ளைகள் கெட்டுப்போனதைக் கூடவே இருந்து பார்த்து வளர்ந்தவர் சாமுவேல். அவர் பிள்ளைகளும் பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கினார்கள்.

சின்னவளையும் மறந்துவிடாதே. அவள் ஒழுங்காகச் சர்ச்சுக்கு வருகிறாள், பாட்டுப் புத்தகத்தைத் தானே எடுத்துக்கொள்கிறாள், அதனால் அவளிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. கெட்ட குமாரன் கதையில் அந்தத் தகப்பன் வீட்டுக்கு வெளியே வருவது இரண்டு தடவை. ஓடிப்போனவனுக்காக ஒரு தடவை. வீட்டிலேயே இருந்த மூத்தவன் உள்ளே வரமாட்டேன் என்று நின்றபோது இன்னொரு தடவை.

இங்கே பெங்களூரா மாங்காய் இறக்க ஆரம்பித்தாயிற்று. மாங்கூழ் ஃபேக்டரிக்காரன் இந்த வருஷமும் விலையில் இழுக்கிறான், அது தனிக் கதை. சனிக்கிழமை உனக்கு ஷிப்ட் இல்லை என்றால் எல்லாரும் வாருங்கள். ஓசூரிலிருந்து 50 கிலோமீட்டர், சூளகிரியில் ஒரு டீ குடித்தாலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். வரும் வழியில் குரூப்பில் போட்ட அந்தக் குறிப்பை எடுத்துவிடு. எடுக்க நேரம் தாண்டிவிட்டது என்று காட்டினால், மகனிடம் கேட்காமல் போட்டது தப்பு என்று அங்கேயே ஒரு வரி எழுது. அதற்கு யாரும் ஆமென் போட மாட்டார்கள், பரவாயில்லை.

அப்பாவின் ஞானோபதேசப் புத்தகம் உன் பீரோவில்தான் இருக்கிறது, மேல்தட்டில், பத்திரக் கவருக்குப் பக்கத்தில். அதையும் எடுத்து வா. ராத்திரி ஜெபத்தில் இந்தத் தடவை அவன் கேட்கட்டும், நாம் இரண்டு பேரும் பதில் சொல்லிப் பார்ப்போம். ஞாயிறு காலையில் அவனை யாரும் எழுப்பப் போவதில்லை என்று நானே அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா