போஸ்டர்ல கட்டடம் இருக்கு, கட்டறவன் பேரு எங்க? நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அண்ணனுக்கும் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

விஷயம் உங்களுக்கே தெரியும், முதல்லேர்ந்து சொல்லப் போறதில்ல. நம்ம தமிழ் அமைப்பு நிகழ்ச்சிக்குச் செவ்வாய்க்கிழமை வந்த போஸ்டர்ல என் போட்டோவுக்குக் கீழ "கேசினோ ரிசார்ட் ஆர்க்கிடெக்ட்"னு இருந்துச்சு, வெள்ளிக்கிழமை வந்த போஸ்டர்ல போட்டோவும் இல்ல பேரும் இல்ல, நடுவுல எனக்கு வந்தது ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ், "தம்பி, பெத்தவங்க சிலர் ஒரு மாதிரி பேசறாங்க, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்"னு. நான் கேக்கறது ஒண்ணுதான். பிள்ளைங்களுக்கான அந்தத் தொழில் வழிகாட்டி நிகழ்ச்சியில என்னைத் திரும்பச் சேருங்க, சேர்க்கும்போது என் தொழிலை அதோட பேரைச் சொல்லியே சேருங்க. "ஹோட்டல் கட்டறவர்"னு போட்டுச் சமாளிக்க வேணாம்.

அது சரி, புதுப் போஸ்டரை நீங்க ஒழுங்கா பாத்தீங்களா? பின்னாடி பெருசா என்ன படம்? நம்ம சிங்கப்பூர் கேசினோ ரிசார்ட், மரினா பே சாண்ட்ஸ். 55 மாடியில மூணு கோபுரம், மேல 340 மீட்டர் நீளத்துக்குத் தோட்டம், எல்லாம் பளபளன்னு இருக்கு. கட்டடம் வேணும், அந்தப் பொழப்பு மட்டும் பிள்ளைங்க காதுல விழக்கூடாது. அதை வடிவமைச்ச மோஷே சாஃப்டிதான் 2019-ல சாங்கி விமான நிலையத்துல திறந்த ஜுவலையும் வடிவமைச்சாரு, அந்த அருவி முன்னாடி குழு மொத்தமும் பல்லைக் காட்டிக்கிட்டு நின்ன போட்டோ என்கிட்ட இருக்கு.

மேடை போச்சேன்னு எனக்கு வருத்தம் இல்ல. எங்கம்மாவுக்கு 76 வயசு. இத்தனை வருஷமா சொந்தக்காரங்க கேட்டா "ஹோட்டல் பக்கம் வேலை"ன்னு மழுப்பிட்டு இருந்தவங்க, தமிழ் அமைப்பே போட்டுருச்சேன்னு முதல் போஸ்டர் வந்த அன்னிக்கு சாயங்காலம் ப்ளாக் கீழ திறந்தவெளியா இருக்கற வாய்ட் டெக்ல உக்காந்திருக்கற ஆயாங்க எல்லார்கிட்டயும் போனை நீட்டி நீட்டிக் காட்டிருக்காங்க, கேசினோங்கற வார்த்தையை அன்னிக்குத்தான் வாய் விட்டுச் சொல்லிருக்காங்க. சனிக்கிழமை தேக்காவுல காய் வாங்கறப்போ யாரோ ஒரு அக்கா "உங்க மகன் பேரைக் காணோமே"ன்னு கேட்டிருக்கு. வீட்டுக்கு வந்து கீரைக்கட்டை மேசைல வெச்சுட்டு, செருப்பைக் கூடக் கழட்டாம, "நீ ஏதும் தப்புப் பண்ணிட்டியாப்பா?"ன்னு கேட்டாங்க. எனக்கு 45 வயசு. பதில் வரல.

நான் என்ன பேசுவேன்னு நெனச்சீங்க, ரூலெட் எப்படி ஆடறதுன்னா? 1980-ல லாஸ் வேகஸ் எம்ஜிஎம் கிராண்ட் கேசினோ ஹோட்டல்ல தீப்பிடிச்சு 85 பேர் செத்தாங்க. 24 மணி நேரமும் ஆள் இருக்கும், தீன்னா உடனே யாராச்சும் பாத்துருவாங்கன்னு சில இடத்துல தீயை அணைக்கத் தானாத் தண்ணி தெளிக்கற ஸ்பிரிங்க்ளர் போடாம விட்டுட்டாங்க, தீ பிடிச்சது கீழ, செத்தவங்க நிறைய பேர் மேல் மாடியில, புகையில. எங்க ஆபீசுக்கு வர்ற ஜூனியருக்கு நான் முதல்ல சொல்றது இதைத்தான், பிள்ளைங்களுக்கும் இதைத்தான் சொல்லிருப்பேன். அப்புறம் 2010-ல இங்க கேசினோ திறந்தப்போ ஒரு கேசினோவுக்குச் சூதாட்ட இடம் 15,000 சதுர மீட்டர்தான் வரம்பு, மரினா பே சாண்ட்ஸ் மொத்தத்துல அது அஞ்சு சதவீதம்கூட வராது. மிச்சமெல்லாம் அறை, மாநாட்டு மண்டபம், தியேட்டர், கடை, சமையல்கட்டு. விருந்தாளி கண்ணுல படாம அழுக்குத் துணி ட்ராலி எந்த வழியா லாண்டரிக்குப் போகணும்னு மக்காவ்ல ரெண்டு வருஷம் வரைஞ்சவன் நான். இதான் நீங்க பயந்த அந்தப் பாவத்தொழில்.

சூதால குடும்பம் அழியறது எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. சித்தப்பாவைக் கேசினோ உள்ள விடக்கூடாதுன்னு தடை வாங்க, சித்தி பக்கத்துல உக்காந்து ஃபாரம் நிரப்பிக் குடுத்ததே நான்தான். அதையும் மறைக்காமச் சொல்லிருப்பேன். தருமர் நாட்டைத் தோத்ததுக்கு மண்டபம் கட்டின ஆசாரியை யாரு திட்டினா? புதன்கிழமையானா ஃபோர் டி லாட்டரிக் கடை வரிசைல நம்ம குழு ஆளுங்க ரெண்டு பேரை நான் பாக்கறேன், பேரு சொல்லல, நல்ல நம்பர் விழட்டும்.

சரி, கோவத்துல பேசிட்டேன், மன்னிச்சிருங்க. பெரியவங்க நீங்க, நிகழ்ச்சிக்கு நாள் பாக்கி இருக்கு. போஸ்டரைத் திருத்தி என் பேரையும் தொழிலையும் முதல்ல இருந்த மாதிரியே போடுங்க, தயவு செஞ்சு கேக்கறேன். முடியாதுன்னா ஏன்னு எழுத்துல குடுங்க, வாய்ஸ் மெசேஜ் வேணாம். மறுபடி டிசைன் பண்ற செலவு என்னோடது. திருத்தினதும் முதல் காப்பியை அம்மா போனுக்கு அனுப்பிருங்க, அவங்க நம்பர் உங்க வாட்ஸாப் குழுவுலயே இருக்கு.

பணிவுடன்,
அங் மோ கியோவுலேர்ந்து ஒரு கேசினோ ரிசார்ட் ஆர்க்கிடெக்ட்