தங்கைக்கு, நாட்டிங்ஹாமிலிருந்து

அன்புள்ள தங்கைக்கு,

நான் இங்கே நலம். அம்மா, அப்பா, நீ எல்லோரும் சுகந்தானே?

இங்கே நர்ஸ் வேலைக்கு வர எழுதுகிற ஓஇடி ஆங்கிலப் பரீட்சையில் ‘பி’ வாங்கிவிட்டாய் என்று அம்மா போனில் சொல்லித் தெரிந்தது. ரொம்ப சந்தோஷம். ரைட்டிங்கில் ‘சி பிளஸ்’ என்று வருத்தப்படாதே, நர்ஸ்களைப் பதிவு செய்கிற என்எம்சிக்கு அது போதும். ஆனால் அந்தப் பரீட்சையில் வருகிற நோயாளி மாதிரிப் பேசுகிறவர் என் வார்டில் ஒருத்தரும் இல்லை. இங்கே வயிற்றுப்போக்கு ‘ட்ராட்ஸ்’. சிறுநீர்க் கோளாறு ‘வாட்டர்வொர்க்ஸ்’. குடிநீர் வாரியத்தில் புகார் கொடுக்க வந்தவர் போலத்தான் பேசுவார்கள்.

வயதான பாட்டி ஒருவர், ‘ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி, டக்’ என்றால் அவருடைய பர்ஸைத் தேடாதே, கமோடைத் தள்ளிக்கொண்டு ஓடு. ஒரு காலத்தில் பொதுக் கழிப்பறைப் பூட்டில் ஒரு பென்னி போட்டால்தான் கதவு திறக்கும். அந்தப் பழைய பென்னி 1971இல் செல்லாமல் போய்விட்டது, பேச்சில் மட்டும் இன்னும் செலவாகிறது. ‘டக்’ என்பது நம்ம ‘கண்ணு’தான். நாட்டிங்ஹாம், டெர்பி, ஸ்டோக் பக்கமெல்லாம் ஆண் பெண் பார்க்காமல் அப்படித்தான் கூப்பிடுவார்கள். உனக்கு நியூகாசிலில் வேலை கிடைத்தால் ‘பெட்’, கிளாஸ்கோவில் ‘ஹென்’. நாயும் கோழியும் ஆக்கிவிட்டார்களே என்று முறைக்காதே!

இதெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். எனக்குப் பயம் வேறு இடத்தில். இந்தத் தலைமுறை ஆட்கள் வலியை வலி என்றே சொல்ல மாட்டார்கள். இடுப்பு எலும்பு முறிந்து வந்த ஒரு தாத்தா, எப்படி இருக்கிறது என்று கேட்டால் ‘மஸ்ன்ட் கிரம்பிள்’ என்பார், அதாவது குறை சொல்லக்கூடாதாம். இன்னொரு தரம் கேட்டால் ‘கிவிங் மீ எ பிட் ஆஃப் ஜிப்’. ஏதோ லேசான தொந்தரவு என்றுதான் தோன்றும். கையைப் பார்த்தால் கட்டில் கம்பியை விரல் வெளுக்கிற அளவுக்குப் பிடித்திருக்கிறார். புரண்டு படுக்கும்போது பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டேன். ‘எட்டு’ என்றார், சிரித்துக்கொண்டே. அதனால் ‘நாட் டூ பேட்’ என்பதை அப்படியே சார்ட்டில் எழுதிவிட்டுப் போகாதே. எண்ணைக் கேள், முகத்தையும் பார்.

‘பூர்லி’யிலும் கவனமாக இரு. ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்னால் சும்மா உடம்பு சரியில்லை, அவ்வளவுதான். டாக்டர் குடும்பத்தாரை உட்காரவைத்து ‘வெரி பூர்லி’ என்றால் பிழைப்பதே சந்தேகம் என்று பொருள். சாவைப் பற்றி நோயாளிகளே ‘பாப் மை கிளாக்ஸ்’, ‘கிக் தி பக்கெட்’ என்று கேலி பேசுவார்கள். சிரித்துக்கொள், திருப்பிச் சொல்லாதே. இறந்த செய்தியைச் சொல்லும்போது ‘டைட்’, அதாவது ‘இறந்துவிட்டார்’ என்றே சொல்லும்படிதான் இங்கே பழக்குகிறார்கள். பூசி மெழுகினால் துக்கத்தில் இருப்பவருக்குப் புரியாமல் போய்விடும்.

புரியாததைக் கேட்க வெட்கப்படாதே. ‘வாட் டு யூ மீன் பை தட்?’ என்றால் இந்த ஊர்க்காரர்கள் உற்சாகமாகக் கதையே சொல்வார்கள், டியூட்டி முடிகிற வரைக்கும்.

விசா வந்ததும் எழுது. ஆஸ்கி என்கிற நர்ஸ் செய்முறைத் தேர்வுக்கு நான் படித்த நோட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. குளிர் கோட்டு அங்கே வாங்காதே, இங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அக்கா